இரண்டு கொப்பிக்காரனுக்கு எந்த மெஷின்

எனக்கு வியாதி வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டொக்டர் அல்ல. எல்கடுவப் பக்கத்திலிருந்து கராம்பு கொண்டுவந்த ஒரு அம்மா. மாத்தளை டவுனில் நான் வேலை பார்க்கும் மிளகுக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருடைய கராம்பில் காம்பு அதிகம் என்று தினமும் எல்லோரிடமும் சொல்லும் பொய்யை அவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் இடது கண்ணிமை தன்பாட்டுக்கு இறங்கியது. தூக்கினேன். மறுபடி இறங்கியது.

"மொதலாளி, மகளக் கட்டிக் குடுத்த வயசுல என்னா கண்ணடிக்கிறீங்க?"

நான் முதலாளி இல்லை, சரக்குப் பார்த்து வாங்குகிறவன் மட்டும்தான். அதை விடுங்கள். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்போதுதான் அந்த அம்மா நிஜமாகவே பயந்து ஓரடி பின்னால் போனார். என் உதடு மேலே போகவில்லையாம். பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு பல் மட்டும் தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன். மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"சண்டைக்கு நிக்கிற நாய் மாதிரி இருக்கு," என்றாள். "பரவால்ல விடுங்க, முந்தியும் ஒண்ணும் பெருசா இல்ல."

சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டியவனுக்கு முதலில் சிரிப்பு போனது. பிறகு பேச்சு. காலையில் பத்து வசனம் பேசலாம். பதினோராவது வசனம் மூக்கால் வரும். மத்தியானத்துக்குமேல் நான் ஈரச்சாக்கு. தலைசீவத் தூக்கிய கை பாதியில் இறங்கிவிடும். ஒரு பக்கம் சீவிய தலையோடு கடைக்குப் போயிருக்கிறேன். களைப்பு என்றால் வேலை செய்து வரும் களைப்பு இல்லை. வேலை செய்து வரும் களைப்பு எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாததால் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

கிளினிக்கில் ஒரு டொக்டர், ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு என் இமைமேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண் பளிச்சென்று திறந்துகொண்டது. வைத்தியம் முடிந்தது என்று நான் எழும்பப் பார்த்தேன். "இது மருந்தில்ல, பரிசோதனை. ஒக்காருங்க," என்றார். மயஸ்தீனியா என்று எழுதினார். நரம்பு சொல்வதைத் தசை கேட்கிற இடத்தில், என் இரத்தத்திலேயே பிறந்த ஒரு கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். குளிசைகள் தந்தார். கொஞ்ச காலம் ஓடியது.

இந்த இடத்தில் கொப்பி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் நாட்பட்ட வியாதிக்காரன் ஒவ்வொருவனிடமும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அதே கொப்பி. பிரவுண் கடதாசி உறை. அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் என்ன மருந்து தந்தார், பிரஷர் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் அங்கே கூட்டம். டொக்டரின் முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்தவன் கதிரையில் உட்கார்ந்துவிடுவான். அதனால் பின்னேரத்தில் காசு கட்டித் தனியாக ஒரு டொக்டரைச் சனல் பண்ணுவோம். அங்கே நிதானமாகப் பேசலாம், வீட்டுக் கதையும் சொல்லலாம். அவர் இன்னொரு கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பி இந்த டொக்டருக்குத் தெரியாது, இந்தக் கொப்பி அந்த டொக்டருக்குத் தெரியாது. இரண்டு குடும்பம் வைத்திருப்பவன் படும் பாடுதான். ஒன்றை எடுக்கும்போது மற்றதை ஒளிக்க வேண்டும்.

என் இரண்டாவது கொப்பியில் பிரஷர் குளிசையும் முழங்கால் வலிக்கு ஒரு குளிசையும் இருந்தன. ஒருமுறை கிளினிக் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தவறுதலாக இரண்டு கொப்பியையும் நீட்டிவிட்டார். "ரெண்டு எடத்துல மருந்து எடுக்கிறவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று அவருக்கு நாலு பேர் முன்னால் ஏச்சு விழுந்தது. அன்றைக்கே என்னுடையதை மனைவியின் கைப்பையின் அடியில் போட்டேன். "யார் கேட்டாலும் வாயத் தொறக்காத," என்றேன்.

பிறகு ஒருநாள் பிளேன்டீ குடித்தேன், அது மூக்கு வழியாக வெளியே வந்தது. அடுத்த நாள் சோறு தொண்டையில் நின்றது. மாத்தளையில் சேர்த்தார்கள். ஊசி வழியாக ஏற்றும் ஒரு மருந்தை ஐந்து நாள் ஏற்றினார்கள். அது எனக்குத் தலைவலியைத் தந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அம்பியூலன்ஸில் கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

அங்கே தினமும் காலையில் ஒரு பரீட்சை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். போய்ச் சேர்ந்த நாள் இருபத்திரண்டு வரை வந்தேன். மறுநாள் பதினேழு. மூன்றாம் நாள் பதின்மூன்று. படிக்கும் காலத்தில் கணக்குக்கு வாங்கிய புள்ளிகளும் இந்த வரிசையில்தான் இறங்கின, ஆனால் அப்போது யாரும் தொண்டையில் குழாய் போடுவதாகச் சொல்லவில்லை. பத்துக்குக் கீழே போனால் மூச்சுக் குழாய், மெஷின் மூச்சு விடும் என்று நேர்ஸ் மிஸ் சொல்லிவிட்டார். நல்லவர், சொன்ன பிறகு போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

வார்ட்டு டொக்டர் இளம்பெண். தமிழ்ப் பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. எத்தனை மணித்தியாலம் தூங்கவில்லையோ, என் கட்டில் கம்பியில் சாய்ந்துகொண்டுதான் பேசினார்.

"ஐயா, உங்க ரத்தத்துல இருக்கிற மஞ்சள் தண்ணியிலதான் வில்லங்கம். பிளாஸ்மான்னு சொல்றது. அத எடுத்துட்டு வேற ஊத்தணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவ."

"எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டேன். இரண்டு வார்த்தை, இரண்டும் மூக்கால்.

அவர் சொன்னதை நான் மிளகாக மாற்றித்தான் விளங்கிக்கொண்டேன். மிளகைச் சுத்தப்படுத்த இரண்டு வழி. காற்றில் தூற்றினால் நல்ல மிளகு கனத்துக்குக் கிட்ட விழும், பொக்கு மிளகு தூரப் பறக்கும். அல்லது சல்லடையில் சலிக்கலாம். இரத்தத்துக்கும் அப்படித்தான். ஒரு மெஷின் இரத்தத்தை வேகமாகச் சுழற்றும். கனமான சிவப்பு வெளிப்பக்கம் போகும், லேசான மஞ்சள் உள்ளே நிற்கும், அதை எடுத்துவிடுவார்கள். இது மெதுவாக இழுக்கும். கை நரம்பு தடிப்பாக இருந்தால் அதுவே போதும். இன்னொன்று வடிகட்டி. சிறுநீரகக்காரர்களுக்குப் போடுகிற மாதிரி, ஓட்டை போட்ட மயிர்போன்ற குழாய்களுக்குள் இரத்தத்தை ஓடவிட, மஞ்சள் மட்டும் வெளியே கசியும். இதற்கு இரத்தம் வேகமாக வர வேண்டும், கை நரம்பு தாங்காது, கழுத்தில் தடித்த குழாய் போட வேண்டும்.

இரண்டு மெஷினும் கெட்டதோடு நல்லதையும் சேர்த்தே கொட்டிவிடும். அதனால் போத்தல் போத்தலாக அல்புமின் என்ற புரதத் தண்ணியைத் திருப்பி ஊற்ற வேண்டும். சில வியாதிகளில் நோயாளியின் பிளாஸ்மாவிலேயே ஒரு சாமான் குறைவு. அவர்களுக்கு அடுத்தவர் தானம் செய்த பிளாஸ்மாவைத்தான் ஊற்ற வேண்டும். எனக்குக் குறைவு ஒன்றுமில்லை, மிச்சம்தான் பிரச்சினை. அல்புமின் போதும். ஒவ்வாமையும் குறைவு.

"கெட்டத மட்டும் பொறுக்கி எடுக்கிற மெஷின் இல்லியா?"

"இருக்கு. ரெண்டு வடிகட்டி அடுத்தடுத்து வச்சு, பெரிய புரதத்த மட்டும் புடிச்சுக்கிட்டு நல்லதத் திருப்பி அனுப்புறது ஒண்ணு. கெட்டது மட்டும் ஒட்டிக்கிற மாதிரி ஒரு தூண் வச்சது ஒண்ணு. அது ரெண்டையும் நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எது நல்லதுங்கிறது பாதிதான் ஐயா. எது இங்க இருக்குங்கிறது மீதிப் பாதி."

சுழற்றும் மெஷின் ஒன்றே ஒன்று. அதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். வடிகட்டி மெஷின் நாளைக்கே கிடைக்கும்.

"வடிகட்டியில ரத்தம் ஒறையாம இருக்க ஹெப்பாரின் போடுவோம். ஒடம்புல எங்கயாவது ரத்தம் கசிஞ்சா அது ஆபத்து. வயித்துப் புண்ணு இருக்கா? வெளிக்குக் கறுப்பா போகுதா? வேற ஏதும் குளிசை எடுக்கிறீங்களா?"

எனக்கு மூன்று கிழமையாகக் கறுப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு குளிசையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மனைவி பார்க்க வரும்போது கடதாசியில் சுற்றிக் கொண்டுவருவாள். அன்று காலை ஆறு மணிக்குக்கூடப் பிரஷர் குளிசை ஒன்றைக் கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"இல்ல," என்றேன். "இல்ல. இல்ல."

மூன்று இல்லைக்குத் தொண்டையில் பலம் இருந்தது. இப்போது யோசித்தால் ஒரு ஆமாவுக்கும் இருந்திருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் உக்குவளைப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர். வயிற்றோட்டத்துக்குப் பிறகு கால் இரண்டும் செத்துப்போய் வந்தவர். அவருக்கு வடிகட்டி மெஷின்தான். கழுத்தில் இரண்டு வால் முளைத்தது போலக் குழாய்.

"பயப்புடாதீங்க தம்பி," என்றார். "ஓட்ட போடுறப்ப நானும் கலிமாச் சொல்லிட்டேன். இப்ப கால் வெரலு ஆடுது, அல்ஹம்துலில்லாஹ். பாருங்க, பாருங்க."

பார்த்தேன். பெருவிரல் ஆடியது. அவர் அதை ஒரு புதுப் பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தார். கைதட்டத் தோன்றியது. கை எழும்பவில்லை.

மத்தியானம் அவசரமாக வந்தார்கள். காலையில் நான் எண்ணியது பதினொன்று. நாளை வரை பார்க்க வேண்டாம், கழுத்துக் குழாயை இப்போதே போடுவோம் என்று டொக்டர் முடிவெடுத்துவிட்டார். தள்ளிக்கொண்டு போய், தலையைச் சரித்துக் கழுத்தில் குளிர்ந்த மருந்தைப் பூசினார்கள். அந்தக் குளிரில்தான் எனக்குப் புத்தி வந்தது. கறுப்பாய்ப் போகிறவனின் இரத்தத்தை உறையவிடாமல் செய்யப்போகிறார்கள். சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சொல் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்பவன் எல்லோரும் செய்வதுபோல அசடு வழியச் சிரித்தேன். பல் தெரிந்தது.

"ஐயா கோவப்படாதீங்க," என்றார் நேர்ஸ் மிஸ். "ரெண்டு நிமிஷ வேலைதான்."

இன்னும் பலமாகச் சிரித்தேன். மிஸ் ஒருவரைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடிக்காவிட்டாலும் அந்தக் கை எங்கும் போயிருக்காது. திறந்திருந்த கதவுக்கு அப்பால் மனைவி தெரிந்தாள். முப்பது வருஷமாக என் பல்லைப் பார்த்தவள். கோபத்துக்கும் கெஞ்சலுக்கும் வித்தியாசம் தெரிந்தவள். கைப்பையைத் தொட்டுக் காட்டினாள். ஆமா என்று நான் கண்ணை மூடினேன். என் உடம்பில் அப்போது ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

"டொக்டரம்மா, நிப்பாட்டுங்க," என்று உள்ளே வந்துவிட்டாள். "இவருக்கு ரெண்டு கொப்பி. இது ரெண்டாவது. காட்டாதன்னு சொன்னாரு. நான் புருஷன் சொல்லக் கேக்குற பொம்பளைன்னு நெனைக்காதீங்க, இதுல மட்டும் கேட்டுட்டேன்."

டொக்டர் கையுறையைக் கழற்றினார். கொப்பியை வாங்கிக் கதிரையில் உட்கார்ந்து வாசித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு அதற்கும் தெம்பில்லை.

"முழங்கால் குளிசை, நாங்க குடுக்கிற ஸ்டீரொயிட், ரெண்டும் சேந்தா வயிறு புண்ணாகும். கறுப்பா போகுதா?"

"மூணு கெழமையா," என்றாள் மனைவி. "பீட்ரூட்டுன்னு சொன்னாரு."

"பீட்ரூட்டுக்குக் கறுப்பா போகாதும்மா."

பிறகு நடந்த பரிசோதனையை நான் எழுதப்போவதில்லை. என் ஆயுளில் ஒரு ஜோக்கும் தோன்றாத இரண்டு நிமிடம் அது. இரத்தக் கசிவு உண்டு என்பது உறுதியானது. வயிற்றுக்கு மருந்து ஏற்றினார்கள். வடிகட்டியும் ஹெப்பாரினும் எனக்கு இல்லை என்றானது. சுழற்றும் மெஷின், கை நரம்பு வழியாக. அதில் இரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் என்ற வேறொரு மருந்து. அது மெஷினுக்குள் தன் வேலையைப் பார்த்துவிட்டு, உடம்புக்குள் வந்ததும் அடங்கிவிடுமாம். டொக்டர் போனில் யார் யாரிடமோ பேசி நாளைக் காலைக்கு முறை வாங்கினார்.

"இன்னைக்கே செய்ய ஏலாதா?" என்று மனைவி கேட்டாள்.

"அந்தப் பிரஷர் குளிசை வகை ஒடம்புல இருக்கிறப்ப இத ஆரம்பிச்சா, அல்புமின் போகப் போக பிரஷர் அப்படியே விழுந்துரும். ஒரு நாளாவது விடணும். கடைசியா எப்ப எடுத்தாரு?"

மனைவி என்னைப் பார்த்தாள். "காலையில. நான்தான் குடுத்தேன்."

பதினொன்று எண்ணும் மூச்சோடு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் குழாய்ச் சாமான் எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் வந்து நின்றது. அதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பின்னேரம் பத்து. மறுநாள் விடிந்ததும் ஒன்பதில் மூச்சு முடிந்தது. நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"ஏமாத்தாதீங்க," என்றார் மிஸ். "நானும் எண்ணினேன்."

டொக்டர் வந்தார். என் நெஞ்சையும் விரலில் மாட்டிய கருவியையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குழாய் போடுற டொக்டரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஆரம்பிப்போம்," என்றார்.

ஒரு கையில் இரத்தம் போகும் ஊசி, மறு கையில் வரும் ஊசி. மெஷின் அரைக்கும் சத்தம். மஞ்சள் தண்ணி ஒரு பையில் இறங்கத் தொடங்கியது.

"ஒங்க கொழுப்பெல்லாம் எறங்குதுங்க," என்றாள் மனைவி. ஒரு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கொஞ்ச நேரத்தில் உதடு கராம்பு மென்றதுபோல மரத்தது. அது சிட்ரேட்டின் வேலை என்று கல்சியம் ஏற்றினார்கள். அதைவிடப் பெரிய சிக்கலை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கை நரம்பிலிருந்து இரத்தம் வர வேண்டுமானால் நோயாளி ஒரு பந்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் எட்டுத் தடவை அமுக்கினேன். ஒன்பதாவது தடவை விரல் மூடவில்லை. மெஷின் கத்தியது. நிறுத்தினார்கள், தொடங்கினார்கள், மறுபடி கத்தியது. பலமில்லாத வியாதிக்குப் பலம் கேட்கும் வைத்தியம்.

மனைவி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் விரல்களை அவள் கைக்குள் வைத்து, பந்தோடு சேர்த்து மூடினாள், திறந்தாள், மூடினாள். மெஷின் அடங்கியது. இரண்டரை மணித்தியாலம். இடையில் கை மாற்றிக்கொண்டாள். இடையில் திட்டினாள். "கொப்பி ஒளிச்சு வைக்கத் தெரியுது, ஒரு பந்த அமுக்கத் தெரியல." இடையில் உட்கார்ந்தபடியே கண் சொக்கினாள், கை மட்டும் நிற்கவில்லை.

என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது வாசல் வாங்கில் லக்கலப் பக்கத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கை கால் மரத்துப்போகும் வியாதி, மாதம் ஒருமுறை இந்த மெஷினுக்கு வருகிறவர். அன்று காலை அவருடைய முறை. எனக்காகப் பின்னேரத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். இனி ஊருக்குப் போகும் பஸ் போய்விடும். வயலுக்கு யானை வருகிற காலம், வீட்டில் காவலுக்கு ஆளில்லை என்று சிங்களத்தில் நேர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னார்.

மனைவி நின்றாள். முழுக் கதையையும் அவருக்குச் சிங்களத்தில் சொன்னாள், கொப்பி, பீட்ரூட் எல்லாவற்றையும். எனக்கு அங்கேயே மயக்கம் வந்தால் நல்லது போலிருந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளிடம் மெதுவாக, தனக்கு மூன்று கொப்பி இருப்பதாகவும் மூன்றாவது நாட்டு வைத்தியருடையது என்றும் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமலே "டொக்டரம்மா!" என்று கூப்பிட்டாள். முறையைப் பறித்ததற்குக்கூடக் கோபப்படாத அந்த மனிதர் எனக்கு எதிரியானது அந்த இடத்தில்தான்.

எனக்குக் குழாய் போடவில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு தண்ணீர் தொண்டையில் இறங்கியது. நான்காம் தடவைக்குப் பிறகு சோறு. ஐந்தாம் தடவை இரண்டு கை நரம்பும் கயிறுபோல இறுகிவிட்டன. டொக்டர் தடவிப் பார்த்து, பாதியில் போதும் என்று நிறுத்தினார்.

"வயிறு ஆறிட்டா அடுத்த தடவ கழுத்துதான் ஐயா. வடிகட்டிதான்."

"அடுத்த தடவயா?"

"கொட்டினது திரும்ப ஊறும். குளிசை அத அடக்குற வரைக்கும் வரத்தான் வேணும்."

போன மாதம் அந்த அடுத்த தடவையும் ஆயிற்று. கழுத்தில்தான் போட்டார்கள். மனைவிக்கு அன்று கை வேலை இல்லை. இரண்டு மணித்தியாலம் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒருமுறை, தேவையே இல்லாமல், என் விரல்களைப் பிடித்து மூடினாள். "பழக்கம்," என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டாள். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்தது. களைப்பாக இருந்ததால் சொல்லவில்லை.